‘டேப்’ அடித்த பிறகும் பிடியை விடலைன்னா? எம்எம்ஏ களத்தில் ஒரு விநாடி செய்யும் வேலை

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞரின் போனிலும் இப்போது ‘எம்எம்ஏ’ கிளிப் வந்து விழுகிறது. இரண்டு பேர் தரையில் பின்னிக் கிடப்பார்கள். ஒருவரின் கை இன்னொருவரின் தொடைகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும். திடீரென்று மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் ‘டப் டப்’ என்று தட்டுவார். ரெஃப்ரி பாய்ந்து வருவார். ஆட்டம் குளோஸ்.

‘ஒரு அடி கூட சரியா விழலையே, எப்படி தோத்தார்?’ இது புதிதாகப் பார்க்கிறவர் கேட்கும் கேள்வி. கொஞ்ச நாள் பார்த்தவர் வேறொன்று கேட்பார்: ‘தட்டின பிறகும் அந்த ஆள் ஏன் கையை விடலை?’

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் நாம் நினைப்பது போல அவ்வளவு நேரானது அல்ல.

இரண்டு இந்தியர்கள், ஒரே பிடி

‘தங்கல்’ படம் பார்த்தவர்களுக்கு போகாட் குடும்பத்தைத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களில் ஒருவர் ரிது போகாட். 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியவர், பிறகு எம்எம்ஏ பக்கம் வந்தார். 2021 டிசம்பர் 3 அன்று சிங்கப்பூரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டி. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். அவர் மல்யுத்தக்காரர் அல்ல, முவே தாய் வீராங்கனை. தரையில் ரிதுவின் கைதான் ஓங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம். நடந்தது தலைகீழ். இரண்டாவது ரவுண்டில் ஸ்டாம்ப் கீழே இருந்தபடியே ‘ஆர்ம்பார்’ போட்டார். ரிது தோற்றார்.

அடுத்து பூஜா தோமர். உத்தரப் பிரதேசத்துக்காரர், 2024 ஜூனில் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண். 2025 மார்ச்சில் லண்டனில் அயர்லாந்தின் ஷானா பேனனிடம் தோற்றார். அதுவும் ஆர்ம்பார், அதுவும் இரண்டாவது ரவுண்டு.

தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் ரிது விஷயத்தில் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. மல்யுத்தத்தில் எதிராளியை முதுகு தரையில் படும்படி அழுத்திவிட்டால் கதை முடிந்தது. மேலே இருப்பவருக்குத்தான் வெற்றி. மூட்டை எதிர்ப்பக்கம் மடக்குவதோ, கழுத்தை நெரிப்பதோ அங்கே அனுமதி இல்லை. எம்எம்ஏவில் மல்லாந்து கிடப்பவருக்கும் இரண்டு கால்கள் சும்மா இருக்கின்றன. அந்தக் கால்கள்தான் ஆயுதம். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கமே இங்கே பொறியாக மாறிவிடும்.

முழங்கை மேல் முழு உடம்பு

ஆர்ம்பார் என்பது எளிய நெம்புகோல் கணக்கு. எதிராளியின் கையை மார்போடு அணைத்து, முழங்கைக்கு அடியில் இடுப்பை வைத்து, கால்களால் ஆளை அமுக்கி, இடுப்பை மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கம் தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்த பலம். இன்னொரு பக்கம் ஒரே ஒரு முழங்கை. யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கழுத்து நெரிப்பு வேறு மாதிரி. கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களை அமுக்கினால் சுமார் 10 விநாடிகளில் மயக்கம் வரும். உடனே விட்டால் பெரும்பாலும் சில விநாடிகளில் தெளிந்துவிடும். இருப்பதிலேயே ஆபத்தானது ‘ஹீல் ஹூக்’. குதிகாலைப் பிடித்துத் திருக, போவது முழங்கால் ஜவ்வு. வலி தெரிவதற்குள் ஜவ்வு கிழிந்துவிடும் என்பதால் பயிற்சிக் கூடங்களில் புதியவர்களுக்கு இதைத் தொடவே விடமாட்டார்கள்.

அதனால்தான் ‘டேப்’. கையால் தட்டலாம், கை மாட்டியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். வலியில் கத்தினாலே அதைத் தோல்வியாக ரெஃப்ரி எடுத்துக்கொள்ளலாம்.

விட்டால் ஏமாறலாம்

சரி, தட்டியதும் விட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். 2002 மே மாதம், யுஎஃப்சி 37. பிரேசிலின் முரிலோ புஸ்டமான்டே, அமெரிக்காவின் மேட் லிண்ட்லாண்டை ஆர்ம்பாரில் பிடித்தார். லிண்ட்லாண்ட் தட்டியதாகக் கருதி ரெஃப்ரி ஜான் மெக்கார்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். புஸ்டமான்டே கையை விட்டார். லிண்ட்லாண்டோ ‘நான் தட்டவே இல்லை’ என்று வாதாடினார். ஆட்டம் மறுபடியும் தொடங்கியது! ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த மனிதர் மறுபடி முதலிலிருந்து சண்டை போட வேண்டியதாயிற்று. மூன்றாவது ரவுண்டில் கழுத்துப் பிடி போட்டு வென்றார். ஒரே ஆளை ஒரே இரவில் இரண்டு முறை தோற்கடித்தார் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வது இதனால்தான்.

இதனால்தான் பயிற்சியாளர்கள் ‘ரெஃப்ரி உன்னைத் தொடும் வரை விடாதே’ என்கிறார்கள். விதிப்படியும் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ரெஃப்ரிக்கு மட்டுமே. ஆக, தட்டியதற்கும் ரெஃப்ரி கை வைப்பதற்கும் இடையில் பிடித்திருப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரெஃப்ரி கை வைத்த பிறகும் பிடித்திருந்தால் அது ஃபவுல். ஆனால் அந்த இடைவெளியில் பிடியை அப்படியே வைத்திருப்பது வேறு, இன்னும் ஒரு திருகு திருகுவது வேறு. விதிப் புத்தகம் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சக வீரர்கள் கண்டுகொள்வார்கள்.

பால்ஹாரெஸ் என்ற எச்சரிக்கை

பிரேசிலின் ரூசிமார் பால்ஹாரெஸ் காலைப் பிடிப்பதில் மன்னன். விடுவதில்தான் பிரச்சினை. 2010 மார்ச்சில் டோமாஸ் டிர்வாலின் காலை ரெஃப்ரி தலையிட்ட பிறகும் விடவில்லை. 90 நாள் தடை. 2013 அக்டோபரில் மைக் பியர்ஸ் பலமுறை தட்டியும் திருகிக்கொண்டே இருந்தார். போட்டி தொடங்கி 31 விநாடிதான் ஆகியிருந்தது. யுஎஃப்சி அவரை வேலையை விட்டே தூக்கியது. வேறு நிறுவனத்துக்குப் போய் சாம்பியன் ஆனார். அங்கும் 2015 ஆகஸ்டில் ஜேக் ஷீல்ட்ஸின் தோளை அதே போல முறுக்கினார். பட்டம் பறிபோனது. நெவாடா மாநில ஆணையம் 2 ஆண்டு தடையும் 40,000 டாலர் அபராதமும் போட்டது.

ஒரு முறை என்றால் பதற்றம் என்று சொல்லலாம். மூன்று முறை? அவர் ஜெயித்த போட்டிகள்தான் அவரை வீழ்த்தின.

அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்

இதற்கு நேர் எதிர் 2020 அக்டோபர் 24, அபுதாபி. கபீப் நுர்மகொமேதவ், ஜஸ்டின் கேத்ஜி. கபீபின் அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டாவது ரவுண்டில் கபீப்புக்கு கேத்ஜியின் கையை உடைக்கும் வாய்ப்பு இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு கால்களால் கழுத்தை நெரிக்கும் ‘ட்ரையாங்கிள்’ பிடிக்குப் போனார். காரணத்தைப் பிறகு சொன்னவர் கபீபின் நண்பர் டேனியல் கார்மியர்: கேத்ஜி என்ன ஆனாலும் தட்டமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார், அவருடைய பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை உடைக்க கபீப் விரும்பவில்லை. தூங்க வைத்தால் எழுந்துவிடுவார், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு திருப்பம். கேத்ஜி தட்டவே செய்தார். ரெஃப்ரி உடனே கவனிக்கவில்லை. ஆட்டம் நிறுத்தப்படுவதற்குள் கேத்ஜி மயங்கிவிட்டார். அதுவே உடைக்கும் பிடியாக இருந்திருந்தால் அந்த ஓரிரு விநாடிகளில் முழங்கை என்ன ஆகியிருக்கும்? மயக்கம் தெளிந்த கேத்ஜி, களத்தில் அழுதுகொண்டிருந்த கபீபிடம் வந்து ஆறுதல் சொன்னார். கபீப் அங்கேயே ஓய்வை அறிவித்தார்.

கபீபைப் புனிதர் ஆக்க வேண்டாம். 2018இல் கோனர் மெக்கிரகரைத் தோற்கடித்த அடுத்த நிமிடம் வேலியைத் தாண்டிக் குதித்து எதிர் அணியினரைத் தாக்கப் பாய்ந்ததும் இதே மனிதர்தான்.

பிடிப்பதற்கும் விடுவதற்கும் சேர்த்து விதி வைப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஜல்லிக்கட்டில் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பு, வால் பக்கம் கை போகக் கூடாது. எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் மாட்டை விட்டுவிட வேண்டும். மாடு தட்டிச் சொல்லாது என்பதால் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஜிம்மில் ரெஃப்ரி கிடையாது

டிவியில் வரும் போட்டியில் ரெஃப்ரி, டாக்டர், ரீப்ளே எல்லாம் உண்டு. ஆபீஸ் முடிந்து மாலை ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போகிறவருக்கு இருப்பது எதிரே இருக்கும் பார்ட்னர் மட்டும்தான். அங்கே ‘ரெஃப்ரி தொடும் வரை விடாதே’ என்ற பாடம் செல்லாது. தட்டுவது லேசாகக் காதில் விழுந்தாலே விட வேண்டும். தட்டினாரா என்று சந்தேகம் வந்தாலும் விட வேண்டும். பிடி முழுசாக விழுந்துவிட்டது தெரிந்தால், கடைசி அழுத்தத்தை மெதுவாக, தட்டுவதற்கு நேரம் கொடுத்துத்தான் போட வேண்டும்.

சேருவதற்கு முன் ஒரு நாள் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சீனியர்கள் புதியவர்களைப் பிடிக்கும்போது எவ்வளவு வேகம், தட்டியதும் கை எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது, யாராவது தாமதித்தால் மாஸ்டர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்டால் வீம்பு பிடிக்காமல் சீக்கிரமே தட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் அதே கையால்தான் பைக் ஓட்டி வேலைக்குப் போக வேண்டும்.