பிள்ளை பிராக்குப் பார்க்கின்றதா?

ஒருபுறம் உள்துறைமுகம், மறுபுறம் திறந்த கடல். இடையே அமைந்தது திருகோணமலைப் பட்டினம். இவ்வூர்ச் சிறுவரின் கண்கள் கரும்பலகையை விட்டு நீரின் பக்கம் நழுவுவதில் வியப்பில்லை. கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் வெறித்து நிற்கும் பிள்ளையை, "பிராக்குப் பார்க்காதே!" என்று ஆசிரியர் அதட்டுவதும் இயல்பே. பெரும்பாலும் அவ்வதட்டல் பொருத்தமானதுதான். ஆயினும் ஒரோவொரு பிள்ளையின் விடயத்தில் அது பெரும் அநீதியாகிவிடுகின்றது.

அப்பிள்ளையின் பேச்சு பாதியில் அறுகின்றது. கண்கள் ஓரிடத்தில் நிலைக்கின்றன. இமைகள் மெல்லத் துடிக்கின்றன. பெயர் சொல்லி அழைத்தாலும் தோளைத் தொட்டாலும் அசைவில்லை. பத்து விநாடி கழிந்ததும், ஒன்றும் நேராதது போல விட்ட வேலையைத் தொடர்கின்றது. இடையில் நிகழ்ந்தது அதற்கே தெரியாது. கீழே விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை. ஆதலால் இதனை வலிப்பென்று எவரும் நினைப்பதில்லை. கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கமும் இங்கே செல்லாது; சாவியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

ஆனால் இதுவும் ஒருவகை வலிப்பே. வைத்தியர் இதனை 'அப்சன்ஸ்' என்பர். 'இல்லாதிருத்தல்' என்பது அதன் பொருள். வரவு இடாப்பில் பிள்ளைக்கு வரவு இடப்பட்டிருக்கும். அந்தப் பத்து விநாடியில் மாத்திரம் அது வகுப்பில் இல்லை. இவ்வாறு நாளொன்றில் பல பத்துத் தடவை நேர்வதும் உண்டு.

மூளையின் மின் துடிப்புகளைத் தலையின் மேலிருந்தே கடதாசியில் வரையலாம் என்பதை ஜேர்மனியின் ஜேனா நகரைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் 1929இல் அறிவித்தார். 1935இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் ஆகிய மூவர் இத்தகைய நோயாளரின் மூளையலைகளை ஆராய்ந்தனர். ஒரு கூர்முனை, அதனைத் தொடர்ந்து ஒரு மெல்லலை. மறுபடியும் கூர்முனை, மறுபடியும் அலை. விநாடிக்கு மூன்று வீதம், தலையின் இருபுறமும் ஒரே வேளையில் அவை தோன்றின. பார்வை தெளிந்ததும் அத்தாளமும் நின்றது.

கரைவலை இழுப்பதைக் கண்ட வாசகர்க்கு இதனை விளக்குதல் எளிது. இழுப்புத் தொடங்குமுன் ஒருவர் கயிற்றைச் சரிசெய்வார், ஒருவர் வெற்றிலை போடுவார், ஒருவர் கடலின் நிறத்தை நோக்குவார். விழித்திருக்கும் மூளையும் இத்தகையதே. கலங்கள் தத்தம் வேலையைச் செய்வதாலேயே நாம் காண்கின்றோம், கேட்கின்றோம், விடை கூறுகின்றோம். அம்பாப் பாட்டை ஒருவர் எடுத்ததும் இரு கயிறுகளிலும் நிற்போர் அனைவரும் ஒரே தாளத்திற்குச் சாய்கின்றனர். வேறெந்த வேலையும் அப்போது நடவாது. (இயந்திரம் கயிறிழுக்கும் கரைகளில் இக்காட்சி அருகிவிட்டது என்பது வேறு கதை.) மூளையின் பெரும்பகுதி இவ்வாறு ஒரு தாளத்தில் அகப்படும்போது உணர்வு மங்குகின்றது.

இரு கயிறு என்றோமே, மூளையில் அவை யாவை? ஒன்று மேற்பட்டை. மற்றையது ஆழத்திலுள்ள தலமஸ். புலன்களின் செய்திகள் பலவும் மேற்பட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள நிலையம் அது. இவற்றுள் அம்பாவை முதலில் எடுப்பது எது? இவ்வினா அறிஞரை அரை நூற்றாண்டுக்கு மேல் பிரித்து வைத்தது. 1940களில் கனடாவின் மொன்றியலில் ஹெர்பட் ஜாஸ்பரும் அவருடைய துணைவரும் பூனையின் தலமஸை விநாடிக்கு மூன்று முறை மின்னால் தூண்டி, அதே அலைகளை மேற்பட்டையில் எழச் செய்தனர். ஜாஸ்பரும் வைல்டர் பென்பீல்டும் பணியாற்றிய அந்நிலையத்தில் பயின்றவரே ஜேக்கப் சாண்டி. நம்மவர் பலர் கடல் கடந்து வைத்தியத்துக்குச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949இல் மூளை நரம்புப் பிரிவைத் தொடங்கியவர் அவர்.

2002இல் நெதர்லாந்து ஆய்வாளர், பரம்பரையாக இவ்வலிப்பு வரும் எலிகளை ஆராய்ந்தனர். முதல் அரை விநாடியில் தாளம் மேற்பட்டையின் ஒரு சிறு இடத்தில் எழுந்தது. பின்னர் மேற்பட்டையும் தலமஸும் ஒன்றையொன்று இழுத்தன. எலியிற் கண்டது பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் துணிந்து கூறோம். ஆனால் இரு கயிறும் இன்றி இவ்வலை இழுபடாது.

தலமஸின் கலங்களில் கல்சியம் புகும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. கலம் அடங்கியிருக்கும்போது அவை ஆயத்தமாகின்றன. அடக்கம் தளர்ந்ததும் திறந்து, துடிப்புகளைக் கொத்தாக எழுப்புகின்றன. அம்பாவில் மூச்சு வாங்கும் இடைவெளிதானே அடுத்த இழுப்புக்கு வலுத் தருகின்றது! எதோசக்சிமைட் என்னும் மருந்து இவ்வாயில்களின் வலுவைக் குறைப்பதை 1989இல் கண்டனர். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 453 பிள்ளைகளிடையே மூன்று மருந்துகளை ஒப்பிட்டது. எதோசக்சிமைட்டும் வல்புரோயேற்றும் வலிப்பை ஏறத்தாழச் சமமாகத் தடுத்தன, லமோற்றிஜின் பின்தங்கியது. முதலிரண்டில் கவனத்தைக் குறைவாகப் பாதித்தது எதோசக்சிமைட். வேறு சில வலிப்புகளுக்கு நன்மருந்தான காபமசெபின் இவ்வலிப்பை மிகுவிக்கவுங் கூடும். ஆகையால் அயல்வீட்டுப் பிள்ளையின் குளிசை நம் பிள்ளைக்கு ஆகாது.

பிராக்குப் பார்க்கும் பிள்ளை தொட்டால் திரும்பும்; பெரும்பாலும் சலிப்பூட்டும் பாடத்திலேயே அது அவ்வாறு செய்யும். இப்பிள்ளையோ விளையாட்டிலும், சோற்றுக் கவளம் கையிலிருக்கும்போதுங்கூட நின்றுவிடும். நான்கு முதல் பத்து வயதுக்குள் இது பெரும்பாலும் தொடங்குகின்றது. ஐயுறும் வைத்தியர் கடற்கரையில் விற்கும் காற்றாடி போன்ற ஒன்றைக் கொடுத்துச் சில நிமிடம் ஊதச் செய்வார். வேகமாக மூச்சுவிட்டால் இவ்வலிப்பு எளிதில் தோன்றும். வீட்டில் இச்சோதனையைச் செய்தல் வேண்டாம். நேர்ந்த வேளையையும் தடவையையும் குறித்து வைத்து, கைத்தொலைபேசியில் ஒருமுறை படம் பிடித்துச் சென்றால் போதும்.

பல பிள்ளைகளுக்கு இளமைப் பருவத்தில் இது நீங்கிவிடுகின்றது. அதுவரை எமது ஊரில் அஞ்சவேண்டியது கடலையே. வகுப்பில் ஒரு மதிப்பெண்ணை மாத்திரம் பறிக்கும் பத்து விநாடி, நீரில் உயிரைப் பறிக்கப் போதுமானது. மருந்து எடுக்கும் பிள்ளையாயினும், வைத்தியர் அனுமதிக்கும்வரை, விடயம் அறிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலன்றி அதனைக் கடலில் இறங்க விடலாகாது. வள்ளத்தின் விளிம்பிலும் தனியே இருத்தலாகாது.