ஆழமற்ற ஏரியில் மீன்பிடிப்பும் நீர் விளையாட்டும்: விங்க்ரா ஏரியின் விருத்தாந்தம்

ஏரியில் தூண்டில் போடுவோரும் படகு விடுவோரும் முதன்முதலில் வெறுப்பது நீர்ப்பூண்டுகளையே. தூண்டில் முள் பூண்டில் மாட்டிக்கொள்கிறது. துடுப்பைக் கொடி சுற்றிக்கொள்கிறது. நீந்துவோர் காலில் வழுவழுப்பான இலைகள் உராய்கின்றன. ஆகவே பூண்டு முழுவதையும் ஒழித்துவிட்டால் ஏரி சுத்தமாகும் என்று அவர்கள் கருதுவது இயல்பே. ஆழமான ஏரியில் பூண்டு கரையோரத்தில் மட்டுமே வளருமாதலால், இவ்வெண்ணத்தால் பெருங்கேடு விளைவதில்லை. ஆழமற்ற ஏரியிலோ, பூண்டை ஒழித்தால் எஞ்சுவது தெளிந்த வெறும் நீரன்று. பச்சைக் குழம்பு போன்ற கலங்கல் நீரே. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றேரியின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விஸ்கான்ஸின் இராஜ்யத்தின் தலைநகராகிய மாடிஸன் நகரம் ஏரிகளின் நடுவே அமைந்தது. அவற்றுள் மெண்டோட்டா, மொனோனா என்பவை பெரியவை. விங்க்ரா என்பது சிறியது. அதன் பரப்பு ஏறக்குறைய 340 ஏக்கர். சராசரி ஆழம் ஏறக்குறைய 9 அடி. பெரும்பகுதியில் 14 அடிக்கு மேல் ஆழமில்லை. ஊற்றுகளாலும் நகரத்து மழை நீராலும் நிரம்பி, ஓர் ஓடை வழியாக மொனோனா ஏரியிற் சென்று வடிகிறது. ஒரு கரையில் விலாஸ் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் குளிக்கும் துறையும் உள்ளன. மற்றொரு பக்கத்தில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் தாவரத் தோட்டம் பரந்து கிடக்கிறது. அத்தோட்டம் 1934-ம் வருஷத்தில் அர்ப்பணம் செய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புத் துறையில் பெயர்பெற்ற ஆல்டோ லியோபோல்டு என்பவர் அவ்வைபவத்தில் உரை நிகழ்த்தினார். இதனால் ஏரிக்கரையின் பெரும்பகுதி வீடுகளின்றி மரமும் நாணலுமாக நிற்கிறது. நகரத்தின் உள்ளேயே இத்தகைய அமைதியான நீர்நிலை கிடைப்பது அரிது.

படகுகள் அலை எழுப்பாதபடி மெதுவாகவே செல்லவேண்டும் என்பது அவ்வேரியின் விதி. ஆகையால் வேனிற்காலத்தில் துடுப்புப் படகும் சிறு பாய்மரப் படகுமே அதிகம். கரையிலிருந்து சிறுவர்கள் தக்கை கட்டிய தூண்டிலும் மண்புழுவும் கொண்டு மீன் பிடிப்பர். அவர்களுக்கு எளிதில் அகப்படுவது புளூகில் என்னும் உள்ளங்கையகல மீன். இது தட்டையான உடலும், செவுள் மூடியின் ஓரத்தில் கருநீலப் புள்ளியும் உடையது. பெரிய வாய்ப் பாஸ் என்னும் மீனும் உண்டு. இராஜ்யத்தின் இயற்கை வளத் துறையினர் மஸ்கலஞ்சு என்னும் பெருமீனின் குஞ்சுகளையும் இவ்வேரியில் விட்டு வந்துள்ளனர். மூன்றடிக்கு மேல் நீளும் அம்மீனுக்காக நாள் முழுதும் வெறுங்கையுடன் தூண்டில் வீசி நிற்போர் பலர். பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கியே மீன் பிடிக்கலாம். வருஷத்தில் ஜனவரியிலும் ஜூனிலும் குறித்த சில நாட்களில் மட்டும் சீட்டின்றியே எவரும் பிடிக்கலாம்.

குளிர்காலத்து மீன்பிடிப்பு நம் வாசகர்களுக்குப் புதுமையாகத் தோன்றும். ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்துவிடுகிறது. திடமான புதுப் பனிக்கட்டி நாலு அங்குலத்துக்குக் குறைவாயின் அதன்மேல் நடத்தலாகாது என்பது பக்கத்து மின்னஸோட்டா இராஜ்யத்து அதிகாரிகளின் எச்சரிக்கை. அதற்கு மேற்பட்ட தடிப்பு உண்டானதும், மக்கள் கையால் சுழற்றும் பெரிய துரப்பணத்தால் துளையிட்டு, சிறு முக்காலியில் அமர்ந்து, ஒரு முழ நீளமுள்ள கழியால் தூண்டில் இறக்குவர். தேனடையைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் வெண்புழு சிறந்த இரையாம். பெரிய மீனுக்கென வேறொரு துளையில் ஒரு கருவியை வைத்து விடுவதும் உண்டு. மீன் இரையை இழுத்தவுடன் அதிலுள்ள சிறு கொடி நிமிர்ந்து நிற்கும். பனிக்கட்டியின்மேல் ஓடிச்சென்று அக்கொடியைப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. இவ்வளவு குளிரில் உட்கார்ந்திருப்பது வேடிக்கையோ தவமோ என்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அது பெருங்களிப்பு.

இனி ஏரியின் நீரைப்பற்றிக் கூறுவோம். ஆழமான ஏரியில் கோடைகாலத்தில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரு அடுக்குகளாக நிற்கும். அடியிலுள்ள சேற்றின் சத்து மேலே எளிதில் வாராது. ஆழமற்ற ஏரியிலோ காற்று வீசும்போதெல்லாம் நீர் அடிவரை கலங்கும். சேற்றிலுள்ள பாஸ்பரஸ் சத்து நீரிற் கலந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளுக்கு எருவாகிறது. பயிருக்குப் பாஸ்பேட் எரு எவ்வாறோ, பாசிக்கும் அவ்வாறே. பாசி பெருகினால் வெளிச்சம் அடியை எட்டாது. வெளிச்சமின்றி வேர்ப்பூண்டுகள் மடியும். பூண்டு மடிந்தால் சேற்றைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை; நீர் மேலும் கலங்கும். இதற்கு மாறாக, பூண்டு அடர்ந்த ஏரியில் அலை அடங்குகிறது. சேறு வேர்களால் கட்டுண்டு கிடக்கிறது. நுண்பாசியைத் தின்னும் சிறு நீர்ப்பூச்சிகள் இலைகளினிடையே ஒளிந்து பிழைக்கின்றன. நீர் தெளிந்தே இருக்கிறது. ஆக, ஆழமற்ற ஏரிக்கு இரண்டு நிலைகளே உள்ளன. ஒன்று பூண்டும் தெளிவும்; மற்றொன்று பாசியும் கலக்கமும். எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே நிலைத்து நிற்கவே ஏரி முயலும். டச்சு நாட்டு விஞ்ஞானி மார்ட்டென் ஷெப்பர் என்பவரும் அவரது தோழர்களும் 1993-ல் இக்கருத்தைத் தெளிவுற வகுத்துரைத்தனர்.

விங்க்ரா ஏரி நெடுங்காலம் இரண்டாவது நிலையில் இருந்தது. அதற்கு முக்கிய காரணம் சாதாக் கெண்டை மீன். இம்மீன் அமெரிக்காவின் சொந்த மீன் அன்று. கூட்டரசாங்கத்தின் மீன்வளக் கமிஷன் 1877-ல் ஜெர்மனியிலிருந்து இதனைத் தருவித்து, குளங்களில் பெருக்கி, ஏழைக் குடியானவர்களுக்கு மலிவான உணவாகும் என்று நாடெங்கும் விநியோகித்தது. அது நல்ல எண்ணமே. ஆனால் மீன் குளங்களில் நிற்கவில்லை. ஆறுகளிலும் ஏரிகளிலும் பரவிவிட்டது. கெண்டை சேற்றில் மூக்கை நுழைத்துப் புழுக்களைத் தேடித் தின்பது. பன்றி கிழங்குத் தோட்டத்தை உழுவதுபோல் அது ஏரியின் அடியை உழுகிறது. பூண்டின் வேர் பெயர்ந்து மிதக்கிறது, வண்டல் எழும்புகிறது, அதன் கழிவும் பாசிக்கு உரமாகிறது. ஒரு பெரிய பெண் மீன் இலட்சக்கணக்கான சினை இடுவதுடன், பல்லாண்டு உயிர் வாழவும் வல்லது.

இங்கு ஒரு வார்த்தை. இதே மீன் 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு உதகமண்டல ஏரியில் விடப்பட்டது. அதன் பின்னர் மற்றொரு வகை வந்து சமவெளிக் குளங்களில் வளர்க்கப்படுகிறது. கோடையில் வற்றும் குளத்திலும், அறுவடை செய்து வடிக்கும் பண்ணைக் குட்டையிலும் அது ஆதாயமான மீன் என்பதில் ஐயமில்லை. அங்கு வருஷந்தோறும் மீன் முழுவதும் பிடிபடுகிறது. வற்றாத ஏரியிலோ அதனைப் பிடித்து முடிப்பார் இல்லை. ஆகவே மீனைக் குறைகூறுவதைக் காட்டிலும், அதனை விட்ட இடத்தைக் கவனித்தலே முறை.

விங்க்ராவில் இதனைச் சோதித்துப் பார்த்த விதம் நம் செயல்விளக்க வயல்களை ஒத்தது. 2005-ல் ஏரியின் ஒரு பக்கத்தில் சுமார் இரண்டரை ஏக்கர் நீர்ப்பரப்பை, அடிச்சேறு வரை தொங்கும் கனமான திரையால் வளைத்து, உள்ளே கெண்டை புகாமற் செய்தனர். திரைக்கு உள்ளே நீர் தெளிந்தது. அடியில் பூண்டுகள் முளைத்துப் பரவின. வெளியே பழைய கலங்கலே இருந்தது. மேலிருந்து பார்ப்போர்க்கு இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. நூறு சொற்பொழிவுகளைவிட இத்தகைய பாத்தி ஒன்று அதிகம் பேசும் என்பது இத்தொழிலில் உள்ள எவர்க்கும் தெரிந்ததே.

கெண்டை குளிர்காலத்தில் ஓரிடத்தில் பெருங்கூட்டமாகத் திரளும் இயல்புடையது. மத்திய மேற்கு வலைஞர்கள் இதனை அறிந்து, பனிக்கட்டியில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றின் வழியே கயிற்றைச் செலுத்தி, அடியில் வலையை விரித்து இழுப்பர். மின்னஸோட்டா சர்வகலாசாலையினர் சில மீன்களின் உடலில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி விட்டு, அவை காட்டிக்கொடுத்த இடத்தில் கூட்டத்தைக் கண்டுபிடித்தனர். விங்க்ராவில் 2008 மார்ச்சு மாதத்தில் பெருவலையிட்டு ஏறக்குறைய 51,000 ராத்தல், அதாவது 23,000 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கெண்டை வெளியேற்றப்பட்டது. ஏக்கருக்கு 150 ராத்தல் வீதமாகும். ஏக்கருக்கு ஏறக்குறைய 90 ராத்தலுக்கு மேல் கெண்டை இருந்தால் பூண்டுகள் வெகுவாகக் குறையும் என்று மத்திய மேற்கு ஏரிகளில் கண்டுள்ளனர். ஆகையால் இப்பளுவின் தன்மை விளங்கும்.

அவ்வருஷத்து வேனிலிலேயே நீர் தெளியத் தொடங்கியது. தெளிவை அளக்க, எட்டு அங்குல அகலமுள்ள, கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பர். அத்தட்டு முன்னைவிட ஆழத்தில் தெரிந்தது. பூண்டுகள் முன்பு வளராத ஆழத்திலும் வளர்ந்தன.

அப்போதுதான் தகராறு எழுந்தது. வளர்ந்தவற்றுள் ஒன்று ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த மில்பாயில் என்னும் இறகிலைப் பூண்டு. இது 1960-களில் விங்க்ராவில் அடர்ந்து, 1970-களின் பிற்பகுதியில் தானே தளர்ந்தது. நீர் தெளிந்ததும் இது மறுபடி மேலெழுந்து, நீர்மட்டத்தில் பாய்போற் படர்ந்தது. கலங்கல் ஏரியில் தடையின்றிப் படகு விட்டவர்கள், தெளிந்த ஏரியில் துடுப்புப் போட இயலவில்லை என்று முறையிட்டனர். அவர்களது முறையீடு பொய்யன்று. ஆயினும் அதற்குப் பரிகாரம் பூண்டனைத்தையும் அழிப்பதன்று என்பதே என் அபிப்பிராயம். கவுண்டி நிர்வாகத்தார் நீரில் மிதக்கும் அறுவடை யந்திரங்களைக் கொண்டு, படகுப் பாதைகளிலும் குளிக்கும் துறையிலும் மட்டும் பூண்டின் மேற்பாகத்தை அறுத்துக் கரையேற்றுகின்றனர். வேர் சேற்றிலேயே இருக்கிறது. அறுத்த தழையோடு அதிலுள்ள பாஸ்பரஸும் ஏரியை விட்டு நீங்குகிறது. அறுத்ததை நீரிலேயே விட்டால் அழுகி மறுபடி பாசிக்கே உணவாகும். அன்றியும் மில்பாயிலின் ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டுப் புதுச் செடியாகும். தூண்டிற்காரர்களுக்கும் இவ்வழியே நன்று. பாதையின் ஓரத்தில், பூண்டுச் சுவரை ஒட்டியே பாஸ் மீன் பதுங்கியிருக்கும்.

புளூகில் மீனைப்பற்றியும் சொல்லவேண்டும். அதன் உருவம் சிறிதென்று பலர் அலட்சியம் செய்வர். கெண்டையின் சினையையும் குஞ்சையும் விரும்பித் தின்பது அம்மீனே என்பது மின்னஸோட்டா ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது. பனிக்கட்டியின்மேல் கனத்த வெண்பனி படிந்து வெளிச்சம் மறையும்போது, மிக ஆழமற்ற சதுப்புகளில் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோய்ப் புளூகில் முதலிய மீன்கள் மூச்சடைத்து மடியும். அடுத்த வசந்தத்தில் கெண்டை அங்கே சென்று சினையிட்டால் தின்பார் ஒருவருமில்லை, குஞ்சு பெருகிவிடும். புளூகில் நிறைந்த விங்க்ரா போன்ற ஏரியிலோ சிறு கெண்டை அரிது. வலையால் ஒருமுறை குறைத்த கெண்டை விரைவிற் பெருகாதிருக்க இக்காவல் உதவுகிறது. சிறுவனின் தூண்டிலில் அகப்படும் உள்ளங்கையகல மீன் ஏரிக்குக் காவற்காரன் என்றால் மிகையாகாது.

ஏரிக்கு வரும் சத்தைக் குறைப்பது மற்றொரு வேலை. விங்க்ராவைச் சுற்றி வயல்கள் இல்லை, தெருக்களே உள்ளன. இலையுதிர்காலத்தில் தெருவில் விழும் சருகு மழையில் ஊறி, அதன் பாஸ்பரஸ் சாக்கடை வழியே ஏரிக்குச் செல்கிறது. மழைக்கு முன் சருகை அகற்றிவிட்டால் அவ்வளவும் தடுக்கப்படும். மெண்டோட்டா போன்ற ஏரிகளிலோ பால்பண்ணைகளின் சாணமும் மக்காச்சோள வயல்களின் மண்ணரிப்புமே பெருங்காரணம். குளிர்காலத்தில் தெருப் பனியை உருக்கத் தூவும் உப்பு விங்க்ராவில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது; லிட்டருக்குச் சில மில்லிகிராமே இயற்கையாக இருக்கவேண்டிய குளோரைடு நூறு மில்லிகிராமையும் கடந்துள்ளது. பாஸ்பரஸைச் செடியோடு அறுத்தெடுக்கலாம். உப்பை அவ்வாறு எடுக்க வழியில்லை. ஓடை வழியே வடிந்தால்தான் உண்டு.

அயல்நாட்டுப் பூண்டு ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் படகின் வாயிலாகவே பெரும்பாலும் செல்கிறது. ஆதலால் விஸ்கான்ஸின் சட்டப்படி, படகைக் கரையேற்றியவுடன் அதிலும் வண்டியிலும் ஒட்டிய பூண்டுத் துணுக்குகளைக் கையால் பறித்து, படகிலும் மீன் தொட்டியிலும் உள்ள நீரை அங்கேயே வடித்துவிட்டுத்தான் சாலைக்குப் புறப்படவேண்டும்.