ஹாஸ்பிஸை விட்டு வெளியேறுவோரும் இறுதிக்காலச் செலவும்

குணமாக்கும் சிகிச்சை இனிப் பயன் தராது என்ற நிலையை எய்திய நோயாளியின் வேதனையைத் தணித்து, அவரையும் குடும்பத்தாரையும் தாங்கும் பணியே ஹாஸ்பிஸ் பராமரிப்பாகும். சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தபோது, அது கிறிஸ்தவ விசுவாசத்தினின்று பிறந்த தொண்டாகவே விளங்கிற்று. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் அது முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் இடம்பெற்றது. தொண்டு திட்டமாயிற்று, திட்டத்தோடு நிபந்தனைகளும் வந்தன.

நோய் தன் போக்கில் சென்றால் ஆயுள் ஆறு மாதத்திற்கு மேற்படாது என மருத்துவர் இருவர் சான்றளிக்க வேண்டும். அந்நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தருவதை நோயாளி கையெழுத்திட்டுத் துறக்க வேண்டும். இவ்விருப்பத்தை அவர் எந்நாளிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் கடந்தும் மறுசான்று பெற்றுத் தொடரலாம். ஆனால் மரணம் அண்மையில் இல்லை எனக் கண்டால் ஹாஸ்பிஸே அவரை அனுப்பிவிடும். அண்மை ஆண்டுகளில் ஹாஸ்பிஸை விட்டு நீங்குவோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் உயிரோடு நீங்குகிறார்.

இதனால் செலவு என்னவாகிறது? புற்றுநோயால் மரித்த மெடிகேர் பயனாளிகளுள் ஹாஸ்பிஸில் சேர்ந்திருந்தோரைப் பற்றிய ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. இறுதிவரை ஹாஸ்பிஸில் இருந்தோருக்கு, சேர்ந்த நாள்முதல் சராசரியாக ஏறத்தாழ 6,500 டாலர் செலவாயிற்று. இடையில் வெளியேறினோருக்கு ஏறத்தாழ 30,800 டாலர். முன்னவரில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானோரே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பின்னவரில் நூற்றுக்கு நாற்பதின்மர்.

ஹாஸ்பிஸுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற ஒரே கட்டணம். தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவோ வேறு அளவினது. எனினும் இவ்வேறுபாடு முழுவதும் வெளியேறியதனால் மட்டுமே விளைந்தது எனக் கொள்வதற்கில்லை. தீவிர சிகிச்சையை நாடும் மனமுடையோரே வெளியேறியிருக்கவும் கூடும்.

வெளியேறுதல் என்ற சொல் ஆழ்ந்து சிந்தித்த முடிவொன்றை நினைப்பூட்டுகிறது. பலவேளைகளில் அது ஓர் இரவின் திகிலேயாகும். மூச்சுத் திணறும் தாயைக் கண்டு மகள் ஆம்புலன்சை அழைக்கிறாள். விடிவதற்குள் தாய் மருத்துவமனையிலும், ஹாஸ்பிஸுக்கு வெளியேயும் இருக்கிறார். இதனை அவிசுவாசம் என்றோ பேராசை என்றோ கூறும் போதகர் நோயாளியின் அறையை அறியாதவர். ஹாஸ்பிஸில் சேர்வதை நம்பிக்கையிழப்பு எனக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களும் அதே பிழையையே மறுபுறமிருந்து செய்கின்றனர்.

வேறு சிலர் பிழைத்து வெளியேறுகின்றனர். நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் 2006-ல் டயாலிசிஸை மறுத்து ஹாஸ்பிஸை அடைந்தார். சிறுநீரகம் ஓரளவு இயங்கத் தொடங்கவே, சில மாதங்களில் வெளியேறி நூலொன்றும் எழுதி, 2007 ஜனவரியில் காலமானார். மறதிநோய் கண்டோரின் நிலை இத்துணை மகிழ்ச்சிக்குரியதன்று. அவர்களுடைய தேய்வை மாதக்கணக்கில் அளக்க இயலாது. ஆறு மாதக் கணக்கு தவறும்போது, இல்லம் வந்த செவிலியரையும் கட்டிலையும் இழந்து, முன்னிலும் தளர்ந்தவர்களாய்க் குடும்பத்தாரின் கையில் விடப்படுகின்றனர்.

ஆகவே நாம் வினவ வேண்டியது, ஏன் வெளியேறினர் என்பதைவிட, ஏன் இரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ளுமாறு அவர்கள் நெருக்கப்பட்டனர் என்பதாகும். ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்திலுள்ள சிறுவருக்கு, 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒருங்கே பெற வழிவகுத்தது. மெடிகேர் 2016 முதல் 2021 வரை முதியோருக்கும் அத்தகைய சோதனைத் திட்டமொன்றை நடத்திற்று. அதில் சேர்ந்தோர் பின்னர் ஹாஸ்பிஸையும் மிகுதியாக நாடினர். மொத்தச் செலவும் குறைந்தது. சோதனை முடிவுற்றது, முதியோர் மெடிகேரின்கீழ் ஹாஸ்பிஸில் சேர இன்றும் அதே கையெழுத்தை இடவேண்டியுள்ளது.