ஓய்வூதியத்தைத் தம்பதியர் எப்போது பெறத் தொடங்குவது?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழகமும் கர்நாடகமும் நெருங்கி வரும் குப்பம் பகுதியில், குடுபல்லி மண்டலம் அமைந்துள்ளது. சென்னை – பெங்களூர் இருப்புப் பாதையில் அதற்கென ஒரு நிலையமும் உண்டு. இப்பகுதியினரில் பலர் பயிர்த்தொழிலை வீட்டாரிடம் விட்டுவிட்டு, கர்நாடகத்தின் தொழிற்சாலைகளில் வேலை தேடிச் செல்கின்றனர். இத்தகைய குடும்பங்களில் முதுமைக் காலத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கணவர் தமது ஓய்வூதியத்தை உடனே கோருவதா, அல்லது சில ஆண்டுகள் பொறுத்திருப்பதா?

இதற்கு விடை காணுமுன், எந்த உதவியில் காத்திருப்பதற்குப் பயன் உண்டு, எதில் இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆந்திர மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 60 வயதில் கிடைக்கிறது. 2024 ஜூலையில் இத்தொகை மாதம் ரூ. 4,000 ஆக உயர்த்தப்பட்டது. இதனைத் தாமதித்துப் பெறுவதால் ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை. மேலும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவித்தொகை என்பதே பொது விதி. ஆகவே தம்பதியரில் முதலில் 60 வயதை எட்டுபவர், தகுதி இருப்பின், உடனே விண்ணப்பிப்பதே முறையாகும். உதவித்தொகை பெற்றுவந்த கணவர் காலமானால், மனைவிக்கு அத்தொகையை வழங்கும் ஏற்பாடும் 2024 நவம்பர் முதல் செய்யப்பட்டுள்ளது.

உண்மையான தெரிவு இருப்பது 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில்தான். பத்தாண்டுப் பணி உடையவர் 58 வயதில் முழு ஓய்வூதியம் பெறலாம். வேலையை விட்டவர் 50 வயது முதலே குறைந்த தொகையைப் பெறலாம்; 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கழிக்கப்படும். 58 வயதுக்குப் பின் 60 வரை தள்ளிவைப்போருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு கூட்டித் தரப்படும். சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பது கணக்கிடும் முறையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவருக்கு வயது 56. பணி 18 ஆண்டுகள். கணக்கில் கொள்ளப்படும் ஊதியம் ரூ. 14,000. இவருடைய முழு ஓய்வூதியம் ரூ. 3,600. வேலையை விட்டு உடனே கோரினால் 8 விழுக்காடு கழித்து ரூ. 3,312 கிடைக்கும். வேலையின்றி ஈராண்டு காத்திருந்து 58 வயதில் பெற்றால் மாதம் ரூ. 288 கூடும். ஆனால் இடையில் விட்டுக்கொடுத்த தொகை ரூ. 79,488. இதனை மாதம் ரூ. 288 வீதம் ஈடுசெய்ய 276 மாதங்கள், அதாவது 23 ஆண்டுகள் வேண்டும். அப்போது அவருக்கு வயது 81 ஆகியிருக்கும்!

இக்கணக்கு கணவரின் ஆயுளை மட்டும் கொண்டது என்பதே இதன் குறைபாடு. ஓய்வூதியம் பெற்றுவந்தவர் இறந்தால், அவர் பெற்ற தொகையில் பாதி மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் வழங்கப்படுகிறது. கணவர் விரைந்து கோரியதால் ஏற்பட்ட குறைப்பு அவளையும் தொடர்கிறது. மேற்கண்டவர் 75 வயதில் காலமானதாகவும், மனைவி அவரைவிட ஏழு வயது இளையவர் என்றும் கொள்வோம். காத்திருந்ததால் மனைவிக்குக் கூடுதலாகக் கிடைப்பது மாதம் ரூ. 144. அவளுக்கு 80 வயது ஆகும்போது விட்டுக்கொடுத்த தொகை முழுதும் ஈடாகிவிடும். அதற்குப் பிந்திய ஒவ்வொரு மாதமும் இலாபமே. எனினும் இந்த ஓய்வூதியம் விலைவாசியுடன் தானாக உயர்வதில்லை ஆதலால், இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் ரூ. 144இன் மதிப்பைப் பெரிதாக எண்ணிவிடலாகாது. வீட்டில் வட்டிக்குக் கடன் இருக்குமாயின், வெறுமனே காத்திருப்பது நட்டமாகவே முடியும்.

வேலை செய்துகொண்டே காத்திருப்பது முற்றிலும் வேறு. அதே ஊழியர் மேலும் ஈராண்டு பணியில் நீடித்தால் 58 வயதில் பணி 20 ஆண்டுகளாகிறது. 20 ஆண்டு நிறைவு செய்து 58 வயதில் ஓய்வு பெறுவோருக்கு ஈராண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், 22 ஆண்டுகளுக்குரிய ரூ. 4,400 கிடைக்கிறது. மனைவியின் பங்கும் ரூ. 1,656 என்பதிலிருந்து ரூ. 2,200 ஆகிறது. பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகளில் வேலையை விடுவோர் பலரும் இவ்விதியை அறிவதில்லை. உடல்நலம் இடங்கொடுக்குமானால் சற்று இலகுவான வேலையிலேனும், வருங்கால வைப்பு நிதிக்கு உட்பட்ட நிறுவனமொன்றில் இருபது ஆண்டை நிறைவு செய்வது நலம்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு ஓய்வூதியத்தை 70 வயது வரை தள்ளிவைக்கலாம். முழு ஓய்வு வயதுக்குப் பின் ஆண்டுக்கு 8 விழுக்காடு கூடும். அவ்வுயர்வு, பிழைத்திருக்கும் துணைவருக்கும் சேரும். காத்திருக்குமாறு அங்கு கூறப்படும் அறிவுரையை, 4 விழுக்காடும் பாதிப் பங்கும் உள்ள நம் திட்டத்துக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

மத்திய அரசு ஊழியரின் பழைய ஓய்வூதிய முறையில் தொடங்கும் நாளைப் பற்றிய தெரிவு குறைவு. 40 விழுக்காடு வரை ஒட்டுமொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாமா என்பதே அங்குள்ள கேள்வி. அவ்வாறு பெறினும் குடும்ப ஓய்வூதியம் குறைவதில்லை. கழிக்கப்பட்ட பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேர்க்கப்படுகிறது. மனைவியின் பிற்காலத்தை எண்ணி இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தொழிலாளர் குடும்பங்களில் இம்முடிவைப் பெரும்பாலும் கணவர் ஒருவரே எடுக்கிறார். அதன் விளைவை நெடுநாள் சுமப்பவரோ மனைவி. ஓய்வூதியம் கோரும் படிவம் 10-டியில் தம்பதியர் இருவரின் புகைப்படமும் இணைக்கப்படுகிறது. அதில் பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதார் அட்டையுடன் ஒத்திருக்கின்றனவா என்பதை இருவரும் சேர்ந்து சரிபார்ப்பது அவசியம். 2025 ஜனவரி முதல் இந்த ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெற வழி செய்யப்பட்டுள்ளதால், பணி பெங்களூரில் இருந்திருப்பினும் கணக்கைக் குப்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.