கையை விடாத ஒருத்தி

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்களுக்கு நடுவழியில் தாயுமானவர் சன்னதி வரும். கதை ஊரறிந்தது. வணிகர் வீட்டுப் பெண் இரத்தினாவதிக்கு நிறைமாதம். மகளுக்குப் பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இங்கே வலி கண்டுவிட்டது. சிவன் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலில் வந்து நின்றபோதுதான் வீட்டாருக்கு விஷயம் விளங்குகிறது. சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் படைக்கிறார்கள்.

வலி வந்த பெண் தேடியது அம்மாவை. சாமிக்கு அது உடனே புரிந்தது. நம்முடைய லேபர் வார்டுகளுக்குப் புரிய நாளாயிற்று. வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில் மருத்துவச்சி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். மருத்துவமனைக்கு மாறியதில் எத்தனையோ தாய்மாரின் உயிர் தப்பியது. அதில் மறுபேச்சே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு கதவும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் கூடையோடு அம்மா.

டூலா என்றால் யார்?

பெருநகரங்களில் இப்போது 'டூலா' என்ற பெயர் காதில் விழுகிறது. பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர் 1970-களில், புதுத் தாய்க்குப் பாலூட்டத் துணை நிற்கும் பெண்ணைக் குறிக்க அதை எடுத்தாண்டார். பிறகு பிரசவ அறைத் துணைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

டூலா மருத்துவர் அல்ல, மருத்துவச்சியும் அல்ல. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க மாட்டார், ஊசி போட மாட்டார், குழந்தையைக் கையில் ஏந்தி எடுக்க மாட்டார். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை மார்புக்கு வரும்வரை அந்தப் பெண்ணைவிட்டு நகராமல் இருப்பதுதான் அவர் வேலை. நர்சுக்கு ஒரே நேரத்தில் நாலு கட்டில். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். போகாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 'டூலா இருக்கிறார், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 2018-இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்துபோனதை நாம் மறக்கவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. வந்தால் மணிக்கணக்கு அவகாசமும் தராது.

குவாதமாலா ஆய்வு

பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதால் அப்படி என்ன ஆகிவிடும்? இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும், குவாதமாலாவைச் சேர்ந்த ராபர்ட்டோ சோசாவும் முக்கியமானவர்கள். குவாதமாலாவில் நெரிசல் மிகுந்த ஒரு மருத்துவமனை. வலியோடு வரும் பெண்கள் தனியாகத்தான் கிடப்பார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு பெண்ணைத் துணைக்கு உட்காரவைத்தார்கள். மருத்துவப் பயிற்சியும் இல்லாத, முன்பின் பழக்கமும் இல்லாத பெண். முதுகைத் தடவுவது, கையைப் பிடித்துக்கொள்வது, பேசுவது, அவ்வளவே. 1980-இல் வெளியான முடிவு: சிக்கலின்றிப் பெற்றவர்களில், குழந்தை பிறக்கத் தனியாகக் கிடந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம் ஆனது, துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம்.

அது சிறிய ஆய்வு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. 2017-இல் காக்ரேன் அமைப்பு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வலிநேரம் சராசரியாகச் சுமார் 40 நிமிடம்தான் குறைந்திருந்தது. ஆனால் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலிமருந்தின் தேவையும் குறைந்திருந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. துணை இருந்தவர் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல், உறவாகவும் இல்லாமல், இதற்கென்றே வந்தவராக இருந்தபோதுதான் சிசேரியன் தெளிவாகக் குறைந்தது.

அப்படியென்றால் அம்மா ஆக மாட்டாரா? என் கணிப்பு வேறு. மகள் அலறும்போது அம்மாவும் கூடவே பதறுகிறார். பதறாமல் இருக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை; சொல்லித்தந்தால் அவரும் ஆவார்.

பயம் வெறும் மனம் சம்பந்தப்பட்டது என்று நினைக்க வேண்டாம். கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பது ஆக்ஸிடோசின். பயம் மிஞ்சும்போது சுரக்கும் அட்ரினலின், அந்தச் சுருக்கத்தைத் தளரவைக்கக்கூடும். 'அக்கா உள்ள வந்ததும் வலி நல்லா பிடிச்சுது' என்று பெண்கள் சொல்வதில் உடலியல் இருக்கிறது.

யார் உள்ளே வரலாம்?

பலருக்குத் தெரியாத செய்தி இது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. 2016-இல் மத்திய அரசும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் இதை வலியுறுத்துகிறது. மத்திய அரசின் விதிகள் எளிமையானவை. துணைக்கு வருபவர் பெண்ணாக, முடிந்தால் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக்கூடாது. சுத்தமான உடை. ஊழியர் வேலையில் குறுக்கிடக்கூடாது, பக்கத்துக் கட்டிலை எட்டிப்பார்க்கக்கூடாது. மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம்.

காகிதத்தில் இருப்பது எல்லா வார்டிலும் நடக்கிறதா என்றால், இல்லை. ஆகவே பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையிலும் எட்டாம் மாதத்திலேயே கேளுங்கள். வலியோடு போய் நிற்கிற இரவில் வாசலில் வாதாட முடியாது.

எட்டாம் மாதத்துப் பேச்சு

வளைகாப்புக்கு மண்டபம், ஏழு வகைச் சாதம், போட்டோகிராபர் எல்லாம் ஏற்பாடாகிறது. உள்ளே யார் வரப்போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. தேர்வு அந்தப் பெண்ணுடையது. மாமியார் மனம் கோணும் என்பதற்காக அவரை உட்காரவைப்பது மரியாதையாக இருக்கலாம்; பிரசவத்துக்கு உதவாது. சித்தியோ, நாத்தனாரோ, பள்ளித் தோழியோ, யாரைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு சீராகிறதோ அவர்தான் ஆள்.

ஆள் முடிவானபின் இருவரும் சேர்ந்து ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது நல்லது. வலிநேரத்தில் நடக்கலாமா, குடிக்க என்ன தரலாம், வலிமருந்து கிடைக்குமா, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துத்தானே வெட்டுவீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்ற தயக்கம் நம்மிடம் அதிகம். பணிவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்கிறார்கள்.

வலி வந்த பிறகு

முதல் குழந்தை என்றால் ஆரம்ப வலி ஒரு நாள்கூட நீளலாம். வந்து வந்து போகும். நம் வீடுகளில் சீரகக் கஷாயம் தருவார்கள். அடங்கினால் சூட்டுவலி, கூடினால் பிள்ளைவலி என்பது பாட்டிமார் கணக்கு. கஷாயம் இருக்கட்டும், கடிகாரத்தையும் பாருங்கள். நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, அப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் முதல் பிரசவக்காரர் கிளம்பலாம். இரண்டாவது என்றாலோ, ஊர் தூரம் என்றாலோ அதற்கு முன்பே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108.

கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர வலிக்கட்டம் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் திருத்திச் சொன்னது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அது கைவிட்டது. 'இன்னும் மூணுதானா' என்று துணைக்கு வந்தவரே முகம் சுளிக்காமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

என் தங்கை ஓர் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றபோது நான்தான் உள்ளே இருந்தேன். நிறையப் படித்துக்கொண்டு போனேன். வலி எழும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். அவள் 'இன்னும்' என்றால் இன்னும் அழுத்தம். வலி அடங்கியதும் கையை எடுத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர். மணிக்கணக்கில் மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்; ஆகவே இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும், இல்லையென்றால் கட்டில் விளிம்பைப் பிடித்து முன்னால் சாய்ந்து நின்று இடுப்பை ஆட்ட வேண்டும். மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்ட வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தை இறங்கும் வழியை அடைக்கும். கர்ப்பப்பை வாய் முழுதும் திறக்கும் முன்பே 'முக்கு, முக்கு' என்று நாமாக ஏவக்கூடாது.

சொல்லக்கூடாத சொற்களும் உண்டு. 'கத்தாதே' என்பது முதல். 'நாங்கல்லாம் பத்துப் பெத்தோம்' என்பது இரண்டாவது. அன்று பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், 'அப்ப சுகமா இருந்துச்சா?' என்று ஓர் ஊழியர் கேட்டார். நம் வார்டுகளில் இந்த வசை பழகிப்போனது, பழகக்கூடாதது. அந்தப் பெண்ணுக்குத் துணை யாரும் இல்லை. ஆள் இருக்கும் கட்டிலருகே அந்தக் குரல் தாழ்வதை அன்றே பார்த்தேன்.

சிசேரியன் என்றால்

முன்பு சொன்ன 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இத்தனையும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. அதை அறுவை அரங்கின் வாசலில் கேட்க முடியாது. குழந்தையின் இதயத்துடிப்பு சரிகிறது என்று டாக்டர் சொல்லும் நிமிடத்தில் துணையின் வேலை, அவர் சொன்னதை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி மெதுவாக மறுபடி சொல்வது. அறுவையில் பெற்றவள் தோற்றவள் அல்ல; டூலாவை வைத்துக்கொண்டும் பலருக்கு அறுவை நடக்கிறது.

குழந்தை வந்த பிறகு

முதல் ஒரு மணி நேரம் துணைக்கு வந்தவருக்குக் காவல் வேலை. குழந்தை தாயின் மார்பில் தோலோடு தோலாக இருக்கட்டும், சீம்பால் போகட்டும். வெளியே சேனை தொட்டுவைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் தேனுமாகத் தயாராக நிற்பார்கள். யார் கோபித்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தேர்ந்த டூலாக்கள் சில நாள் கழித்து வந்து, நடந்ததையெல்லாம் அந்தப் பெண்ணையே சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். தங்கையிடம் நானும் ஒருநாள் கேட்டேன். முதுகை அழுத்தியது, மூச்சைக் கணக்கிட்டது, நான் படித்துக்கொண்டு போன எதுவுமே அவள் நினைவில் இல்லை. 'நீ ஒரு தடவகூட போனை எடுக்கலக்கா' என்றாள்.

சார்ஜ் நடுராத்திரியே தீர்ந்துபோயிருந்தது. அவளிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.