கூடாரத்தைப் பிரித்த பிறகு

சென்னையில் ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். கார் அவர்களுடையது, ஸ்டியரிங் மட்டும் என் கையில். சில வருடங்களாக, டென்ட் அடித்துத் தங்கப் போகிற குடும்பங்கள் நிறையக் கூப்பிடுகிறார்கள். கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானல் என்று போகும்போது வண்டியே பாட்டும் பேச்சுமாக இருக்கும். திரும்பும்போது அரை மணி நேரத்தில் எல்லாத் தலையும் சாய்ந்துவிடும். விழித்திருக்க வேண்டியவன் ஒருவன்தான். முந்தைய இரவு அவன் எங்கே படுத்தான், எவ்வளவு நேரம் தூங்கினான் என்று யாரும் கேட்பதில்லை.

கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் வண்டிக்குச் சோதனை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் சூடேறிக் கருகல் வாடை வரும். அந்தச் சூடு பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்தால் குழாய்க்குள் ஆவி சேரும். அப்புறம் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும். நாள்பட்டு ஈரத்தை உறிஞ்சிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதற்கென்று ‘எல்’ அல்லது மேனுவல் நிலை இருக்கிறது. நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கவே கூடாது. குறுகலான இடத்தில், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

ஆனாலும் மலையில் எனக்குப் பயமில்லை. ஒவ்வொரு வளைவும் ஆளை எழுப்பிவிடும். பயம் கீழே வந்த பிறகுதான். ராசிபுரம் தாண்டி, ஆத்தூர் பக்கம் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையைப் பிடிக்கும்போது பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணி. சாப்பிட்ட வயிறு, ஏசி, நேர் ரோடு. உடம்பு அந்த நேரத்திலும் விடியற்காலையிலும் இயல்பாகவே தூக்கத்துக்கு இழுக்கும். கண் திறந்தபடியே மூளை சில நொடி அணைந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஓட்ட ஆளில்லாமல். அதுவும் நான்கு வழிச் சாலை ஊர்களின் பைபாஸில் இரண்டு வழியாகச் சுருங்கியதால் பல வருடம் உயிர்களைக் குடித்த பாதை அது.

கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. கொட்டாவி தொடர்ந்து வந்தால் ஹோட்டல் பக்கம் ஓரங்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுவேன். காபி உடம்பில் ஏற ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்; எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எஞ்சினை ஓடவிட்டு, மூடிய காருக்குள் ஏசியில் மட்டும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

கூடாரத்தில் தூங்குவது அரைத் தூக்கம்தான். ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிர், முதுகுக்கடியில் மேடுபள்ளம், நள்ளிரவு தாண்டியும் பக்கத்து டென்ட்டில் கேம்ப்ஃபயர். சொந்தமாக ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை இந்த உடம்போடுதான் கிளம்புகிறார். டிரைவருக்கோ பெரும்பாலும் அந்த டென்ட்டும் கிடையாது. சாய்த்த முன் சீட்டுதான் படுக்கை. ஒருமுறை ஒரு வீட்டுப் பெரியம்மா, “தம்பி, நீ இந்த டென்ட்ல படுத்துக்கப்பா. நாங்க ஒண்ணுல நெருக்கிக்கிறோம்” என்று போர்வையையும் கொடுத்தார். மறுநாள் செங்கல்பட்டு வரை எனக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2025 வரை நடைமுறையில் இருந்த அது, நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை, 5 மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு என்றது. ஆனால் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. என் போன்ற தனி ஆளுக்கு இல்லை. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களிலும் லாட்ஜ்களிலும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்றது. நல்ல முடிவு. டென்ட் போடும் மைதானங்களுக்கும் அது வர வேண்டும்.

அதுவரை நீங்கள்தான் மனது வைக்க வேண்டும். டென்ட் புக் பண்ணும்போது டிரைவருக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், கடைசி இரவு கீழே இறங்கி, கொல்லிமலை என்றால் நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ, அறை எடுத்து நன்றாகத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.