இரும்புக் கவசம் மட்டும் காப்பாற்றாது

இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டம். லயத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய குசினிக்கு ஆர்மர்ட் கேபிள் புதைத்திருந்தார்கள். "இரும்புக் கம்பி சுத்தின கேபிள் தம்பி, பயமில்ல" என்றார் அந்த வீட்டு அக்கா. ஆனால் கேபிளின் இரு முனையிலும் அந்தக் கம்பிகளை வெட்டி டேப் சுற்றியிருந்தது. எர்த் இல்லை.

மண்வெட்டி கேபிளை வெட்டினால் முதலில் கம்பியில் படும், பிறகு லைவ் வயரில். கவசத்துக்கு எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போகும், ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் கவசம் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கலாம். யாராவது தொடும்வரை தெரியாது.

மண்ணில் அடித்த எர்த் ரொட்டின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் ஓடுவது 4.6 அம்பியர். 10 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் விழும், அதுவும் கேபிள் புறப்படும் இடத்துக்கு முன்னால் இருந்தால். சுவிட்ச் இருந்து எர்த் இல்லையென்றால், அது விழுவதற்கு ஒரு ஆளின் உடம்பு வழியே கரண்ட் பாய வேண்டும்.

மெயின் போர்ட் பக்க முனையில் கவசத்தை கிளாண்ட் போட்டு இறுக்கி, பச்சை மஞ்சள் வயரால் எர்த்துடன் சேர்ப்பது வயர்மேனுக்குச் சின்ன வேலை. அடுத்த காம்பிராவில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். ஆறடி தள்ளி அந்தக் குழாய் பிளாஸ்டிக்!

அக்கா ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டினார். விழுந்தது. அந்தப் பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டும்தான். எர்த்தைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.